ரசமட்டம்

இந்த மலையில் மட்டமான தரை
ஒரு முழம்கூடத் தானாகக் கிடைக்காது.
வெட்டி எடுக்க வேண்டும், கல் கட்ட வேண்டும்,
ரசமட்டத்தை வைத்து
உள்ளே நெளியும் குமிழி
இரண்டு கோட்டுக்கு நடுவே வந்து நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாய் என் பிழைப்பு அது.

என் மகள் பெனிட்டாவுக்கு ஆறு வயது முடிந்தது.
உட்கார வைத்தால் இடப்பக்கம் சரிவாள்.
தலையணை வைத்தோம்.
சுவர் மூலையில் வைத்தோம்.
ஸ்டூலைக் கவிழ்த்து நாலு காலுக்கு நடுவே வைத்தோம்.
அவளுக்கு அது விளையாட்டு.

செவ்வாய்க்கிழமை அரைநாள் கூலி போகும்.
குன்னூர் பஸ் பிடித்து, கேத்தியில் இறங்கி,
தைல மரங்களுக்கு ஊடே அவளை இடுப்பில் வைத்து நடந்தால்
பனி விலகாத புல்லில் நின்றிருக்கும் கமாண்டர்.
ஊட்டி ரேஸில் ஒருகாலத்தில் ஓடியதாம்.
ஒரு தடவையும் ஜெயிக்கவில்லையாம்.
கயிறு பிடிக்கும் ரஃபீக் அதை மறைக்காமல் சொன்னான்.
எனக்கு அந்தக் குதிரையைப் பிடித்துப்போனது.

சேணம் கிடையாது, மடித்த கம்பளியும் ஒரு பட்டையும்தான்.
குதிரையின் சூடு பிள்ளையின் காலில் ஏறணும் என்றார் ஹெப்சிபா டீச்சர்.
அது நடக்கையில் மேலிருப்பவள் இடுப்பு
நாம் நடப்பதுபோலவே அசையுமாம்.
நடக்காத பிள்ளைக்கு
நடையைக் கடன் கொடுக்குது என்றார்.
வட்டி எவ்வளவு என்றேன்.
கேரட் என்றார்.

முன்னால் ரஃபீக். வலப்பக்கம் டீச்சர். இடப்பக்கம் நான்,
என் கை அவள் தொடைமேல்.
"பிடிக்காதீங்கண்ணா, சும்மா வைங்க."
சும்மா வைக்க எனக்குத் தெரியாது.
சாரத்தில் நிற்பவனுக்குக் கை என்றால் பிடி.
ஒவ்வொரு சுற்றிலும் அவள் சரிவாள்,
ஒவ்வொரு சுற்றிலும் நான் சுவராகிவிடுவேன்.
ஐந்து மாதம் இப்படி.
"நீங்க இருக்கிறதாலதான் அந்தப் பக்கம் சாயுறா"
என்றார் ஒருநாள், அதட்டாமல்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆடி முடியப்போகும் ஒரு செவ்வாய்.
மரங்களைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது.
நாலாவது சுற்றில் கமாண்டர் நின்றது.
பின்னங்காலை அகட்டியது, முதுகைத் தாழ்த்தியது,
குழாய் உடைந்ததுபோலப் பெய்யத் தொடங்கியது.
கயிற்றை விடாமல் ரஃபீக் ஓரடி ஒதுங்கினான்.
டீச்சர் துள்ளிக் குதித்தார்.
இருக்கிற ஒரே நல்ல பேண்ட்டைக் காப்பாற்ற
நானும்.

எல்லார் கையும் காற்றில்.
மேலே அவள் தனியாக.

தாழ்ந்த முதுகின்மேல் இடப்பக்கம் போனாள்.
அங்கே நான் இல்லை.
போன தலை திரும்பி வந்தது,
ஹெல்மெட்டின் நட்சத்திர ஸ்டிக்கர் மினுங்க
வலப்பக்கம் கொஞ்சம் தாண்டி, மறுபடி திரும்பி,
நடுவில் வந்து நெளிந்தது.
நான் மூச்சைப் பிடித்துக் குனிந்திருந்தேன்.

குதிரை இவ்வளவு நேரம் பெய்யும் என்று
எனக்கு அதற்குமுன் தெரியாது.
நிறுத்திவிடாதே, நிறுத்திவிடாதே என்று
வாய்க்குள் வேண்டினேன்.
எந்தப் பூசையிலும் நான் அப்படி வேண்டியதில்லை.

ஒன்பது எண்ணினேன். பதினொன்று என்கிறார் டீச்சர்.
அதற்குள் கீழிருந்து எழும்பிய ஆவியும் சத்தமும் புரிந்து
பெனிட்டா உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்,
சிரிப்புத் தாங்காமல் முன்னால் கவிழ்ந்து
பிடரியைக் கொத்தாய்ப் பற்றிக்கொண்டாள்.
அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று
டீச்சர் நோட்டைத் திறந்து யோசித்தார்.

திரும்பும் பஸ்ஸில், அருவங்காடு வளைவில்,
எப்போதும்போல என்மேல் சரிந்து தூங்கிவிட்டாள்.
நான் நகரவில்லை.
பஸ்ஸில் சுவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

பேண்ட்டின் ஓரம் காயவில்லை.
முன்சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்து
அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்தார்.