உபரியாக ஒன்று

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து
பென்னாகரம் போகிற பக்கம்
செருப்புக்கடை மாடியில் என் பட்டறை.
திருவிழாவுக்கு அடிப்பேன், கபடிக் குழுவுக்கு அடிப்பேன்,
சங்க மாநாட்டுக்குச் சிங்கம் அடிப்பேன்,
அந்தச் சங்கத்துக்கு ஆகாத சங்கத்துக்கும்
அதே சிங்கத்தை முகம் திருப்பி அடிப்பேன்.
மைக்குச் சாதி இல்லைங்க என்று
வருகிறவர்களிடம் சொல்வது பழக்கம்.
முன்பணம் பாதி.

சோபிகா வந்தது பங்குனி மத்தியானம்.
நர்சிங் படிக்கிற பெண். கூட இரண்டு பையன்கள்.
செல்போனில் ஒரு படம் காட்டினாள்.
டீ கிளாஸ்.
பட்டை பட்டையாய் வரியோடிய,
அடி தடித்த, எந்தக் கடையிலும் இருக்கிற கிளாஸ்.
கீழே மூன்று சொல்:
எனக்கும் இதிலேயே கொடு.

கறுப்புப் பனியன், வெள்ளை மை, இருபத்தைந்து.
“இப்பதான் எங்க பார்த்தாலும் பேப்பர் கப் வந்துடுச்சே”
என்றேன், விலை பேசுகிற குரலில்.
“எல்லாருக்கும் வரலைங்கண்ணா.
எங்களுக்கு மட்டும்தான் சுத்தம் பாக்கறாங்க.”
ஊர்ப் பேரைச் சொன்னாள்.
நான் இங்கே சொல்லப்போவதில்லை.
அந்த ஊரில் டீக்கடை ஒன்றுதான்.
அது என் தங்கச்சி புருசன் மாதையன் கடை.

ராத்திரி சட்டத்தில் எமல்ஷன் பூசி
ஒளி காட்டித் தண்ணீர் பீய்ச்சினேன்.
படம் இருக்கிற இடம் மட்டும் கரைந்து
வலை கண் திறந்தது.
கிளாஸ் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது,
சுவரில் போன வருசத்துச் சிங்கம்.
கறுப்பின் மேல் வெள்ளை லேசில் ஏறாது.
ஒரு இழுப்புக்குச் சாம்பல்,
இரண்டுக்குச் சுண்ணாம்பு,
மூன்றாவது இழுப்பில்தான் கண்ணாடி மினுங்கியது.
நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
குறைத்தால் ஏன் என்று கேட்பாள்.

எந்த ஆர்டருக்கும் உபரியாக ஒன்று அடிப்போம்,
ஏதாவது சிதைந்தால் மாற்றிக் கொடுக்க.
இந்த முறை எதுவும் சிதையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதையன் போன் செய்தான்.
“எவனோ பனியன் அடிச்சுக் குடுத்திருக்கான் மச்சான்.
இருபத்தஞ்சு பேரு. சண்டையுமில்ல சத்தமுமில்ல.
வரிசையா வந்து பெஞ்சுல உக்காந்துட்டாங்க.”
நீ என்ன பண்ணின?
“கிளாஸ மொத்தமா மூட்ட கட்டிப் பரண்ல போட்டுட்டேன்.
இனி ஊருக்கே பேப்பர் கப்புதான்.
இப்ப என்ன கேப்பாங்க?”
சிரித்தான். பிறகு,
“ஆனா நல்ல பிரிண்ட்டு மச்சான்.
தொவச்சாலும் போவாது போல.”

சித்திரையில் தங்கச்சி கறிச்சோறுக்குக் கூப்பிட்டாள்.
உபரியைப் போட்டுக்கொண்டேன்.
அதன் மேல் முழுக்கைச் சட்டை,
கழுத்துப் பட்டன் வரைக்கும்.
எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.
அவிழ்க்கலாம் என்றுதான் நினைத்திருப்பேன்,
பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை.

கடையில் யாரும் இல்லை.
மாதையன் ரோட்டை இரு பக்கமும் பார்த்தான்.
வர்க்கி டப்பாவுக்குப் பின்னாலிருந்து
துணி சுற்றிய ஒன்றை எடுத்தான்.
சுடுதண்ணீரில் அலசினான்.
“ஒனக்கு இல்லாததா மச்சான்.”

கிளாஸ்.
பட்டை வரி, தடித்த அடி.
சூடு விரலில் ஏறுகிற அந்தப் பழைய கனம்.
இஞ்சி தூக்கலாய் இருந்தது.
ஏடு உதட்டில் ஒட்டியது.
மிச்சம் வைக்காமல் குடித்தேன்.
ஒரு பட்டனையும் தொடவில்லை.

அந்த மை ரப்பர் மாதிரி.
காற்றை விடாது.
வீட்டுக்கு வந்து கழற்றினால்
நெஞ்சில் வேர்வை கோத்து நின்றது.
மறுநாள் அதே இடத்தில் வேர்க்குரு,
சிவந்து, வாய் அகன்று, அடி குறுகி,
ஒரு டம்ளர் அளவுக்கு.

பவுடர் டப்பாவோடு நின்ற மனைவி
இதென்ன இந்த ரூபத்துல என்றாள்.

மை ஒத்துக்கல என்றேன்.