பதின்மூன்று டிகிரி

நிலவறைதான் வேண்டும் என்றார்
கஸ்பார் பர்னாந்து.
பிரான்சில் எங்கேயோ படியிறங்கிப் பார்த்தாராம்,
சுண்ணாம்புப் பாறைக்குள்
கரண்ட் பில் கட்டாத குளிர்.

ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பின்சந்து.
தணிகாசலம் நாலடி தோண்டினான்.
ஐந்தாவது அடியில் கடப்பாரை
சளக்கென்றது.
"மேடம், கடலு வந்துட்ச்சு."
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்புதான்.
குழி மூடிய கூலி தனி.

ஆகவே மாடிப்படிக்கு அடியில்.
ஏழரைக்கு நாலேகால்.
வடக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது,
வெயில் எட்டாது.
பாட்டில்கள் படுத்திருக்க வேண்டும்,
தக்கை காயக் கூடாது, காய்ந்தால் சுருங்கும்.
வெளிச்சம் ஆகாது.
அதிர்வும் ஆகாது என்றார்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று
மேசையில் டீ கிளாஸை
ஓரங்குலம் நகர்த்தியது.
ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸருக்குப் போடும்
ரப்பர் மெத்தையை
வரைபடத்தில் அப்போதே எழுதிக்கொண்டேன்.

காசிமேட்டில் இறால் கிடங்கொன்றில் கழற்றிய பேனல்
பாதி விலைக்குக் கிடைத்தது.
சோடா போட்டு மூன்று முறை கழுவி
நாலு நாள் வெயிலில் நிறுத்தினேன்.
கஸ்பார் மூக்கை வைத்துப் பார்த்தார்:
"ஏம்மா, தக்கை மூச்சு விடும்.
நாளைக்குப் போர்த்துகலே
இறால் தொக்கா மணக்கும்."
புதுசுதான் வாங்கினோம்.

முப்பத்தோரு வருடம் கப்பலில் ஸ்டூவர்ட்.
அடுத்தவர் கோப்பையில் ஊற்றியே
கை நடுங்காமல் பழகியவர்.
துறைமுகத்துக்கு ஒன்றாய்
நூற்று நாற்பத்து நாலு பாட்டில்,
ஒவ்வொன்றுக்கும் மூன்றரை அங்குல வாய்.
குடிப்பீங்களா, கேட்டேன்.
"சுகர்" என்றார்.

எஸ்கலின் அக்கா பூண்டு உரித்துக்கொண்டே
வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.
"இதுல என் ஜாடி எங்க?"

மூன்று கிலோ பன்னீர் திராட்சை,
சர்க்கரை, ஒரு கை கோதுமை, நாலு கிராம்பு,
வாயில் வெள்ளைத் துணி.
கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்னால்
அந்த வீட்டில் அது நடக்கும்.
குறுக்களவு பதினாலு அங்குலம்.
என் அடுக்கில் எங்கேயும் நுழையாது.
நுழைந்தாலும்,
"உள்ள வெச்சா தூங்கிடும் அக்கா,
அதுக்குச் சூடு வேணும்."
கத்தியைக் கீழே வைத்தாள்.
"சரி. அவரு சரக்கு மாளிகையில,
என் சரக்கு தெருவுல."

அன்றிரவு தூக்கமில்லை.
குளிரை யாரும் தயாரிப்பதில்லை.
ஒரு அறையின் சூட்டை அள்ளி
இன்னோர் இடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான்.
மார்கழியில் தெருநாய்கள்
ஐஸ் ஃபேக்டரிப் பின்சுவரில்
முதுகை ஒட்டிப் படுப்பது
சும்மாவா.

விடிந்ததும் ரப்பரால் அழித்தேன்.
சந்துப் பக்கம் துப்பவிருந்த மெஷினை
சமையலறைப் பின்கட்டுக்குத் திருப்பினேன்.
அது விடும் அனலுக்கு இரண்டரை அடி தள்ளி
ஒரு கடப்பைக் கல்,
எஸ்கலின் அக்கா இடுப்பு உயரத்தில்.
தெர்மாமீட்டர் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன்:
இருபத்தெட்டு.
அக்கா தன் பேனாவை எடுத்து
வரைபடத்தில் அந்தக் கல்லின் மேல்
தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.
அளவுக் கோடுகள் இரண்டு
அதற்கடியில் மறைந்துபோயின.

டிசம்பர் முதல் வாரம் கடைசித் தவணை வாங்கப் போனேன்.
கதவு சத்தமில்லாமல் மூடியது.
பதின்மூன்று டிகிரி.
இருட்டில் நூற்று நாற்பத்து நாலு துறைமுகங்கள்
அசையாமல் படுத்திருந்தன.
உள்ளே எதுவும் நடக்கவில்லை,
அதற்குத்தான் எனக்குக் கூலி.

கஸ்பார் அங்கே இல்லை.
பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
ஜாடித் துணியில் காதை வைத்திருந்தார்.
"உஷ்" என்று கை காட்டினார்.
குமிழ் ஒன்று ஏறி வந்து
உடைந்தது.
"எண்பத்தொன்பது" என்றார்.