பசு நக்கிய பனி

ஆகஸ்டு கடைசி வாரம்.
கணவாயின் வடக்குச் சரிவில்
பனி பின்வாங்கிய இடத்தில் ஈரக்கல்.
அதன்மேல் இன்னும் பாசி பிடிக்கவில்லை.
எல்டிரிட் முழங்காலிட்டுக் கொடி நடுகிறாள்.
சிவப்பு என்றால் மரம். மஞ்சள், தோல். நீலம், கம்பளி.
எலும்புக்கு வெள்ளை வைத்திருந்தார்கள்,
பனியில் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பழங்கதையில் ஒரு பசு உண்டு,
ஔதும்லா என்று பெயர்.
உலகம் உண்டாகும் முன்பு
மேய ஒரு புல்லும் இல்லாமல்
உப்புக் கரிக்கும் பனியை நக்கியது.
முதல் நாள் அந்தியில் தலைமயிர்.
இரண்டாம் நாள் தலை.
மூன்றாம் நாள் முழு மனிதன் எழுந்து நின்றான்,
ஒற்றைக்கண் தேவனுக்குப் பாட்டன்.
பசுவிடம் அவன் என்ன சொன்னான் என்று
கதையில் இல்லை.

இங்கே நக்குவது வெயில்.
முதல் கோடையில் ஓர் அம்பின் தண்டு,
இறகைக் கட்டிய நார் அவிழாமல்.
அடுத்த கோடையில் வெண்ணெய்ப் பெட்டி.
மூடியில் கத்தியால் கீறிய ரூன் எழுத்து:
அஸ்கவுட் உடையது.
எடுத்தார்கள். எண் ஒட்டினார்கள்.
கொம்பு வைத்த தலைக்கவசம் எங்கே என்று
அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கேட்பார்கள்.
அவள் அந்தப் பெட்டியைக் காட்டுவாள்.
உள்ளே கொஞ்சம் வெண்ணெய் ஒட்டியிருக்கிறது என்பாள்.
பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

இது மூன்றாம் கோடை.
காலை பதினொன்றுக்கு ஒரு கம்பளிக் கையுறை,
இடது கை.
கட்டைவிரல் தேய்ந்து
வேறு நிற நூலில் ஒட்டுப்போட்டது.
அவசரத் தையல்,
வாசலில் ஒருவன் நின்றுகொண்டே இருக்கையில் போட்டது.

சாப்பாட்டுக்குப் பின்
குன்வோர் குதிரையோடு ஏறி வந்தாள்.
மங்கிய மஞ்சள் உடம்பு,
பிடரி நடுவே கறுப்புக் கோடு. பிளாக்கா.
ஹெலிகாப்டருக்குப் பணம் இல்லாததால்
கண்டெடுத்ததையெல்லாம் கீழே இறக்குவது அதுதான்.
எப்போதும் நிற்காத இடத்தில் நின்றது.
பனி விளிம்பில் கறுத்த ஒரு குவியல்.
லத்தி.
ஆயிரம் ஆண்டு குளிரில் மூடிக் கிடந்து
இன்றைக்குத்தான் நாறத் தொடங்கியிருந்தது.
பிளாக்கா மூக்கை இறக்கி
நெடுநேரம் முகர்ந்தது.
குன்வோர் கயிற்றை இழுத்தாள், அசையவில்லை.
பிறகு தலை தூக்கிக்
கணவாயின் மறுபுறம் பார்த்துக் கனைத்தது,
சற்று முன் இவ்வழி போன
இன்னொன்றைக் கூப்பிடுவதுபோல.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பறவை இட்டுப் போனதும்
ஒருவன் விட்டுப் போனதும்
முடியாமல் நிற்கும் வினையும்
எச்சம் என்ற ஒரே சொல்லாகும் மொழி ஒன்று இருப்பது
எல்டிரிட்டுக்குத் தெரியாது.
அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் முதலில் ஏறி வந்தபோது எட்டு மீட்டர்.
இப்போது மூன்று.
நல்ல ஆண்டு என்று அறிக்கையில் எழுத வேண்டும்.
பெட்டி நிறைந்தால் நல்ல ஆண்டு.
முழு மனிதன் எழுந்து நிற்கும் நாளில்
நக்குவதற்குப் பனி இருக்காது.

கையுறையைப் பஞ்சில் வைத்துச் சுற்றினாள்.
அஸ்கவுட்டின் கைதானா, தெரியாது.
பெட்டியும் உறையும்
முந்நூறு ஆண்டு இடைவெளியில் விழுந்திருக்கலாம்.
அன்றும் குதிரையின் சேணவார் தளர்ந்திருக்கும்.
விறைத்த தோலை உறையோடு இறுக்க முடியாது.
அவன்
பல்லால் விரல்நுனியைப் பற்றிக் கழற்றி,
கல்மேல் வைத்து,
வாரை இறுக்கி,
குதிரையின் கழுத்தில் இரண்டு தட்டு தட்டி,
வானத்தைப் பார்த்து,
மறந்து