இரண்டு அங்குலம்

நாற்பத்து நான்காம் வருஷம், டிசம்பர்.
ஆரிகன் மலையடிவாரத்தில் ஆப்பிள் மரங்கள்
இலை கொட்டிக் கறுத்து நின்றன.
நகரமன்றத்து வாசல் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை:
போருக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள்
இருநூற்றுப் பதினொரு பேர்.
எழுதியவள் நான்.
அப்பா எங்கோ பசிபிக்கில்
கப்பலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்;
அவர் தூரிகைகள் என்னிடம்.
வயது பதினாறு. பெயர் அய்லி காங்கஸ்.

ஆப்பிள் கிடங்கு முதலாளி ட்ரம் வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"பதினாலு பேரை எடுக்கணும்,"
பலகையில் கரையான் ஏறியதுபோலச் சொன்னார்.
ஹராடா, இமோட்டோ, நிஷிகாவா, ஒகுபோ
என்று போயிற்று பட்டியல்.
"இவங்களும் நம்ம ராணுவத்துலதானே இருக்காங்க?"
"மூஞ்சி யார் மூஞ்சின்னு பாரு."
கூலி ஏழு டாலர்.
வீட்டில் நிலக்கரிக்காரனுக்கு ஆறு டாலர் பாக்கி.

என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.
ஏணி வைத்தேன். வெள்ளையைக் குழைத்தேன்.
ஹராடா ஒரே இழுப்பில் போனான்.
இமோட்டோவில் ஓர் எழுத்தை
முன்பு கோணலாக எழுதியிருந்தேன்;
கோணல் மறைந்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஒரு நிம்மதி.
நிஷிகாவா நீளமான பெயர், இரண்டு பூச்சு கேட்டது.
கீழே மூன்று பேர் நின்று பார்த்தார்கள்.
ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

நான்காவது ஒகுபோ.
முதல் எழுத்து முழு வட்டம்.
கையால் போட்டால் முட்டையாகிவிடும் என்று
கவராயம் வைத்துப் போட்டது.
கவராயம் என்னுடையதல்ல.
கிமிக்கோ ஒகுபோ, வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு,
இரண்டு வருஷத்துக்கு முன்னால்
கோட்டுப் பொத்தானில் எண் அட்டை கட்டி
ரயிலேறிய அன்று கொடுத்தது.
"கையில் தூக்குற அளவுதான் கொண்டுபோகலாமாம்.
வச்சிரு. பரீட்சைக்குள்ள வந்துடுவேன்."
வட்டத்தின் நடுவே ஊசி குத்திய பள்ளம்
மரத்தில் அப்படியே இருந்தது.

தூரிகை நகர மறுத்தது என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
நகர்ந்தது.
வட்டத்தில் கால் பாகம் போயிற்று.
பிறகுதான் நின்றது.

டர்பன்டைன் துணியால் துடைத்தேன்;
கறுப்பு திரும்ப வந்தது.
மற்ற மூன்றுக்கும் கை போவதற்குள்
ஏணியைப் பிடித்து ஆட்டினார்கள். இறங்கினேன்.
"என்ன?"
"மாட்டேன்."
"மாட்டேன்னா?"
அதற்குமேல் பேச்சு வரவில்லை.
அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருந்தது.
பெயிண்ட் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ட்ரம்மின் மருமகன்
மீதிப் பதினொன்றையும் பூசினான்.
மளிகைக் கடையில் எங்கள் கணக்கை மூடினார்கள்.
கதவில், என் பெயிண்டாலேயே,
என்னைப் பற்றி ஒரு வசவு. எழுத்துப்பிழையோடு.
அழிக்கப் போனேன், அம்மா விடவில்லை.
"எழுதினவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கெதுக்கு?"

முகாமுக்குக் கடிதம் போட்டேன்.
கிமிக்கோ, பலகையில் உன் அண்ணன் பெயர் இல்லை.
அழித்தது நானல்ல. ஆனால் மூன்று பெயர்
நான்தான்.
எந்த மூன்று என்றும் எழுதினேன்.

பிப்ரவரியில் பதில் வந்தது. சில வரிகள்.
ஷிகேரு நிஷிகாவா அக்டோபரிலேயே
பிரான்சில் ஒரு காட்டில் செத்துப்போனான்.
அவன் அம்மா எங்களுக்கு அடுத்த அறை.
உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.
பலகையை அவள் பார்த்ததில்லை, இல்லையா,
அதனால் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள்:
எழுத்து எவ்வளவு பெரிசு?

சனிக்கிழமை, சந்தைக் கூட்டம்.
அப்பாவின் அளவுகோலோடு
ஏணியைத் தோளில் வைத்து நடுத்தெருவில் போனேன்.
யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.
வெள்ளைக்கு அடியில் எழுத்து தடித்திருந்தது,
விரல் வைத்தால் தெரியும்.
தடவிக்கொண்டே அளந்தேன்.

இரண்டு அங்குலம், அம்மா.
இரண்டும் ஒரு நூலும்.