பஞ்சில் வந்த சிவப்பு

கோனாபட்டு, வெ.சா.அ. வீடு.
கீழைப் பட்டாலையில், ஆறடிக்கு நாலடி.
பினாங்கில் யாரோ பார்த்து வரைந்த நகல்,
மூலம் எந்த ஊரில் என்று தெரியாது.
தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை
என்றார் மும்பைக்காரர்.
ரோமாபுரிக் காட்சியாம். எனக்கு அந்நியமாகப் படவில்லை:
அதே தடித்த தூண்கள் இந்த வீட்டிலும் நிற்கின்றன,
அதே போல வாய் திறக்காமல்.

ஒரு தகப்பன். நீதிபதி.
நாட்டுக்குத் துரோகம் செய்த மகனுக்குத்
தன் வாயாலேயே சாவைச் சொன்னவன்.
ஓவியன் அவனை இருட்டில் உட்கார்த்திவிட்டான்.
முகம் தெரியாது. கால் பெருவிரல் மட்டும்
மற்ற விரல்களை விட்டு விலகிக்
கல்லை அழுத்துகிறது.
அழுகை முழுக்க அங்கேதான்.

வலப்பக்கம் வெளிச்சம், பெண்கள்.
தாயின் கை நீண்டு, எட்டாமல்.
நடுவே மேசையில் ஒரு தையல் கூடை,
ஊசி குத்திய நூல்கண்டு.
யாரும் சாகாத காலை ஒன்று
இன்னும் அதில் மிச்சமிருக்கிறது.
பின்னால் பாடை. போர்வைக்கு வெளியே
இரண்டு பாதங்கள்.

அந்த வகை ஓவியர்கள் கூச்சல் போடமாட்டார்கள்.
நெஞ்சில் அடித்துக்கொள்வதை எல்லாம்
துணியின் மடிப்புக்குள் போட்டு
இஸ்திரி போட்டதுபோல் நிறுத்திவிடுவார்கள்.

மூன்று நாள் துடைத்தேன்.
எண்பது வருஷத்து விளக்குப் புகை
டீ நிறத்தில் பஞ்சில் இறங்கியது.
சுவர் வெளுத்தது. தாயின் சேலை
(சேலை இல்லைதான்) நீலமானது.
தகப்பன் மட்டும் வரவில்லை.
அவனுக்கென்றே பூசிய கறுப்பு அது.

சாவி வைத்திருக்கும் மாரிக்கண்ணு
வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே சொன்னார்:
"வாங்கினது பெரிய செட்டியார்.
மூத்த மகன் பினாங்குக் கடையில்
கணக்கில் கைவைத்துவிட்டாராம்.
இவரே வழக்குப் போட்டாராம். ஜெயிலில் காய்ச்சல், அவ்வளவுதான்.
மறு வருஷம் கப்பலில் இந்தப் படம் வந்தது.
எதற்கு இது என்று கேட்டவர்களிடம்
சட்டம் நல்ல சட்டம் என்றாராம்."

நாலாம் நாள் பாதங்களுக்கு வந்தேன்.
பஞ்சு சிவந்தது.
கை நடுங்கிவிட்டது, வண்ணம் கரைகிறதோ என்று.
மோந்து பார்த்தேன்: குங்குமம்.
அடியில் மஞ்சள்.
அதற்கும் அடியில், விரல் பட்டு விரல் பட்டு
வண்ணமே தேய்ந்து
நெசவின் இழை தெரிந்தது.
முக்காலி போட்டால் ஒரு பெண்ணுக்கு எட்டும் உயரம்.
பெரியவர் பெட்டியடியில் இருக்கும் நேரமாக இருக்கும்.
அவர் மனைவி பெயர் என்ன என்றேன்.
மாரிக்கண்ணுக்கு நினைவில்லை.
சாயங்காலம் கேட்டு வந்து சொன்னார்: சிகப்பி.

சொர்ணலிங்கம் போன் செய்தார்.
"முடிஞ்சுதா? பளிச்சுன்னு இருக்கா?"
"இருக்கு" என்றேன்.
அறிக்கையில் எழுதியது:
பின்பகுதி, பாதங்களின் மேல் கறை. நீங்கவில்லை.

முதலில் துடைத்த அந்த ஒரு பஞ்சை
வாளியில் போட மனம் வரவில்லை.
காரைக்குடி பஸ்ஸில்
கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
இறங்கியதும் என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.