எதிர்காலத்தில் செய்த திறப்பு

இரவு பதினொன்றேகால். பாணந்துறைப் பக்கம்
கடைசி ரயில் போனதும் மேசை அடங்குகிறது.
வெள்ளவத்தையில் கடலோர மூன்றாம் மாடி,
எந்தத் துளைக்குள்ளும் உப்பு ஏறும் இங்கே.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
வட்டு நுழையும் பிளவைத் துடைத்துவிட்டு
பழைய ஐபுக்கைத் திறக்கிறேன்.
வெள்ளை மூடி பல்லுப் போல மஞ்சளித்துவிட்டது.

பகலில் வங்கியொன்றின் சேர்வர் அறையில் வேலை.
மூன்று வருடமானால் அங்கே கிழம், லொறியில் ஏற்றுவார்கள்.
இரவில்
பவர்பிசி என்ற, செய்த கம்பனியே கைகழுவிய சில்லுக்கு
லினக்ஸ் நிறுவும் வட்டைப் புதுப்பிப்பவள்.
ஒருவரும் நியமிக்கவில்லை.
முன்பு செய்த போலந்துக்காரர்
இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது என்று
ஒற்றை வரி எழுதிவிட்டுப் போனார்.
ஸ்கிரிப்ட் கேட்பாரற்றுக் கிடந்தது. எடுத்தேன்.

பழைய வட்டு இருந்தால் என்ன கேடு என்பீர்கள்.
வட்டு அப்படியேதான் இருக்கும், உலகம் நகர்ந்துவிடும்.
போன சித்திரையில் எரித்தது இன்றும் எழும்பும்,
மொழி கேட்கும், நேர வலயம் கேட்கும்,
கொழும்பு என்றால் தலையாட்டும்,
பிறகு களஞ்சியத்தின் கதவடியில்
காலாவதியான திறப்பைத் திருகித் திருகி நிற்கும்.

இன்றைக்குப் புதுத் திறப்பு வைத்தேன்.
அதற்கும் மறுத்தது:
இந்தத் திறப்பு எதிர்காலத்தில் உருவாக்கப்பட்டது.

இரண்டு முறை வாசித்தேன்.
பிறகுதான் உறைத்தது.
நேரம் காக்கும் குட்டி பற்றரி செத்துவிட்டது,
கணனிக்கு இன்று
1904 ஜனவரி முதலாம் திகதி.
புறக்கோட்டையில் டிராம் ஓடுகிறது.
இந்த வீதியில் ஒரு வீடும் எரியவில்லை.
ஒருவரும் ஒருவரையும் மறித்து
அடையாள அட்டை கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன்.

பிறகு திருத்தினேன். ஒரு வரி, ஒரு என்டர்.
நூற்றிருபது வருடத்துக்கு மேல்
முணுமுணுப்பில்லாமல் தாண்டியது.

அடுத்தது அளவு.
எழுநூறு மெகாபைட்டுக்கு மேல் இறுவட்டு ஏற்காது,
எழுநூற்று நான்கில் நிற்கிறது.
கேர்னல் ஒவ்வொரு முறையும் கொழுத்துத்தான் வருகிறது
கல்யாணத்துக்குப் பிறகு அண்ணா மாதிரி.
எதைக் கழிக்க?
எழுத்துருப் பட்டியலில் சிங்களம், அதற்குக் கீழே தமிழ்.
நிறுவும்போது இதை யார் தெரிகிறார்கள் என்று
பக்கத்தில் யாரோ குறிப்பு வைத்திருந்தார்.
இரண்டும் சேர்ந்து ஒரு மெகாபைட்டும் வராது.
பின்னணிப் படத்தைக் கழித்தேன்,
பனி மூடிய ஒரு மலை, பெயர் தெரியாது,
அது மட்டும் ஆறு.

போன மாதம் ஏழு பேர் இறக்கினார்கள்.
அதில் இரண்டு, நான்.
ஒன்று கொட்டாஞ்சேனை பெனடிற்றா,
ஞானஸ்நானப் பதிவேட்டைத் தட்டச்சு செய்பவள்.
அவளிடம் இருப்பது இந்த ஐபுக்கின் கூடப்பிறந்தது.
"மிஸ், இந்த முறை சத்தம் வருது, படம் வரேல்லை"
என்று வட்ஸ்அப்பில் விடியவே வந்துவிடுவாள்.
மற்ற நாலு பேரையும் தெரியாது.
அவர்களுடைய ஃபேனும்
இப்படித்தான் இரையும் என்று வைத்திருக்கிறேன்.

இரண்டரைக்கு எரிந்து முடிந்தது.
மார்க்கரால் திகதி எழுதி, மை காயமுன்
முந்தைய வட்டைப் பல்கனிக் கம்பியில் கட்டினேன்.
மினுங்கினால் காகம் அண்டாது என்று
கீழ்வீட்டு ரொட்றிகோ அன்ரி சொன்னவ.
இதோடு பதினாலு தொங்குகிறது.

காலையில் காகம் வரும்.
நடுவில் உள்ளதில் தன்னைப் பார்க்கும்,
அலகை ஒருக்கா இந்தப் பக்கம்
ஒருக்கா அந்தப் பக்கம் தீட்டும்,
பிறகு அன்ரி வைத்த பாணுக்கு இறங்கும்.