வாதி கபீர், வெள்ளிச் சாயங்காலம்

என் பழைய வெஸ்பாவுக்கு
இரண்டு சைலன்சர்கள், டயர்மேல்.
ஒன்று வயிறு பெருத்தது. ஏழாயிரம் சுற்றுக்கு
மேல்தான் விழிக்கும்; விழித்தால் நிற்காது.
மற்றது ஒல்லி. குரும் மேட்டில் கீழிருந்தே இழுக்கும்.

"போன அலை முட்டித் திரும்பி வந்து
தப்பிக்கிற பெட்ரோலை உள்ளே தள்ளணும்.
டூ ஸ்ட்ரோக்கில் அவ்வளவுதான் சூட்சுமம்."
பக்கீர் மைதீன் என் சம்பளச் சீட்டின் முதுகில்
கிரீஸ் விரலால் வரைகிறார்.

பெருத்ததை மாட்டி ஒரு உதை.
மலை மூன்று தரம் திருப்பிச் சொன்னது.
எதிர்மாடியில் ஜன்னல் திறந்தது:
இரவு ஷிப்டுக்கு உறங்கிக்கொண்டிருந்த பனியன்
திட்டவில்லை, பார்த்தது.

ஒல்லியையே பூட்டச் சொன்னேன்.
பணம் எண்ணும்போது
வாய் தானாகச் சொன்னது:
அந்தத் தடியனையும் கட்டுங்க பாய்,
கட்டிலுக்கடியில் கிடக்கட்டும்.